இல்லாத பைக்கு ஒரு மொட்டை

வங்காள விரிகுடாவுக்கு மேலே எங்கேயோ பறந்துகொண்டிருந்தபோது திருஞானசம்பந்தம் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். பொய் ஒன்றே ஒன்றுதான் சொல்வது. இரண்டாவது பொய்க்கு வேலையே வைக்கக் கூடாது.

அவர் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். உலகத்தில் கவிழ்ந்த ராஜ்ஜியமெல்லாம் இரண்டாவது பொய்யில்தான் கவிழ்ந்தது என்பது அவருடைய கட்சி. முதல் பொய்யை எவனும் கண்டுபிடிப்பதில்லை. அதைக் காப்பாற்ற இன்னொன்று, அந்த இன்னொன்றைக் காப்பாற்ற வேறொன்று என்று அடுக்கும்போதுதான் சுவர் சரிகிறது. ஆகவே ஒரே பொய். ஆனால் கெட்டியான பொய்.

அவர் தயார் செய்த பொய் இதுதான். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போது பை இரண்டு இருந்தது. வீட்டுக்கு வாங்கிய சாமானெல்லாம் இருந்த பை, மெட்ராஸ் விமான நிலையத்தில் வந்து சேரவில்லை. வந்து சேர்ந்த பையில் இருப்பது பிரின்சிபால் வாங்கிவரச் சொன்ன காலேஜ் புத்தகம்.

எண்ணிப் பார்த்தால் இதிலேயே இரண்டு பொய் இருக்கிறது. அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

நடந்தது வேறு. மச்சினன் சிவகணேஷ் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கிற கம்பெனியில் இன்ஜினியர். "அக்காவும் அத்தானும் கோடை லீவுக்கு வாங்க, டிக்கெட் நான் எடுக்கேன்" என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவர் மனைவி ஆவுடைத்தாய் பிறந்ததிலிருந்து கன்னியாகுமரிக்கு அந்தப் பக்கம் எதையும் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் கடல்தான் என்பது வேறு விஷயம். தம்பி கூப்பிட்டதும் புதுச் செருப்பு வாங்கிவிட்டாள்.

"உனக்குத் திருச்செந்தூர் பஸ்ஸுலயே வாந்தி வரும். ஏரோப்பிளேன்ல என்ன பாடு படுவே? பேசாம இங்கன இரி" என்றார் திருஞானசம்பந்தம்.

அவள் பேசாமல் இருந்தாள். செருப்பை அட்டைப் பெட்டியோடு பரணில் போட்டாள். பிறகு, வருஷக்கணக்காகக் கட்டிவந்த சீட்டை எடுத்து, பணத்தை அப்படியே அவர் கையில் கொடுத்தாள். மகள் அனுராதாவுக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை சங்கர் ராதாபுரம் தாலுகா ஆபீஸில் வேலை. வருகிறது தலைதீபாவளி.

"மாப்பிள்ளைக்கு நல்ல கைக்கடியாரம் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. சிங்கப்பூர் போயிட்டு வாரேன்னு ஊரு பூரா சொல்லியாச்சு. வெறுங்கையோட வந்தா சம்பந்தி வீட்டுல மூஞ்சி காட்ட முடியாது."

"கடியாரம் மட்டும் போதுமாட்டி? உனக்கு ஒரு சேலை?"

"மிஞ்சுனா வாங்குங்க."

மிஞ்சவில்லை. ஏனென்றால் சிங்கப்பூரில் கடிகாரக் கடைக்கு நேர் மாடியில் பழைய புத்தகக் கடை இருந்தது. அன்றைக்குப் பார்த்து மழையும் கொட்டியது. திருஞானசம்பந்தம் மழைக்கு ஒதுங்க மாடி ஏறினார். அப்புறம் அந்த ஊரில் அவர் வேறெதையும் பார்க்கவில்லை. தினமும் காலையில் சிவகணேஷ் அவரைக் கடைத்தெருவில் இறக்கிவிட்டுப் போவான். சாயங்காலம் வந்து, அதே கடையின் தரையிலிருந்து, தூசியும் தும்மலுமாக அவரைத் தூக்கிக்கொண்டு போவான்.

அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? தாமிரபரணியின் கால்வாய்களுக்கு ஒரு வரலாறு எழுதப்போவதாக அவர் சொல்ல ஆரம்பித்து, கேட்டவர்களில் பாதிப்பேர் ரிட்டயர் ஆகிவிட்டார்கள். "என்ன வே, உம்ம ஆறு கடல்ல போய்ச் சேந்துட்டா, இல்ல இன்னும் பாவநாசத்துலயே நிக்கா?" என்று ஆசிரியர் அறையில் கேலி பண்ணுவார்கள். அப்படிப்பட்ட மனிதர் கையில், அந்த மாடியில், தோல் அட்டை போட்ட ஒரு பழைய புத்தகம் அகப்பட்டது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர், ஆறு மலையிறங்குகிற பாவநாசத்திலிருந்து அது கடலில் சேருகிற புன்னைக்காயல் வரைக்கும் கரையோடு நடந்து, ஒவ்வொரு மடையையும் அளந்து எழுதிவைத்தது. முதல் பாகம். இது இல்லாமல் தன் புத்தகம் எழுத முடியாது, இது இருந்தால் எழுதாமல் தப்ப முடியாது என்று அவருக்கு அங்கேயே தெரிந்துபோயிற்று. வாங்கிவிட்டார். அதற்குத் துணையாக இன்னொன்று, அதற்குத் துணையாக இன்னும் இரண்டு என்று பை நிறைகிற வரை போயிற்று.

கடிகாரம் கீழ்க்கடையிலேயே இருந்துவிட்டது.

கடைசி நாள், சட்டைப் பையில் சில்லறை மட்டும் இருந்தபோது, அதே கடையில் இரண்டாம் பாகம் கண்ணில் பட்டது. வரைபடம் எல்லாம் அதில்தான் இருந்தது. மச்சினனிடம் கடன் கேட்க அத்தான் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. யாரும் பார்க்காத நேரமாக, கீழ் அடுக்கில் கிடந்த கணக்கியல் புத்தகங்களுக்குப் பின்னால் அதை ஒளித்துவைத்துவிட்டு, பிள்ளையை அநாதை விடுதியில் விட்டதுபோல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

பெருமாள்புரத்தில் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றதும் ஆவுடைத்தாய் பையைத்தான் முதலில் பார்த்தாள்.

"இது ஒண்ணுதானா?"

திருஞானசம்பந்தம் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்தார். கெட்டியான பொய்யைக் கரகரத்த குரலில் சொல்லி முடித்தார். மெட்ராஸ் விமான நிலையத்தில் காத்துக் கிடந்ததைச் சொல்லும்போது அவருக்கே அது நடந்ததுபோல் இருந்தது.

ஆவுடைத்தாய் கத்துவாள் என்று நினைத்தார். அவள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

"போனாப் போட்டும். நீங்க பத்திரமா வந்து சேந்தேளே" என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள். "கைக்கடியாரத்தப் போய் பெட்டிக்குள்ள வப்பாங்களா? கையில கட்டிக்கிட்டு வந்திருக்கலாமே."

"மாப்பிள்ளைக்குன்னு வாங்குனத நான் கட்டலாமாளா?"

"அதுவும் நியாயந்தான். பை என்ன கலரு?"

"எதுக்கு?"

"நாளைக்கு எவனாவது கொண்டாந்து காட்டுனா அடையாளம் சொல்லணும்லா."

"நீலம்" என்றார். சொன்னதும் பையில் உயிர் வந்துவிட்டது. "நல்ல கருநீலம். அடியில சக்கரம் வச்சது. ஜிப்பு நுனி மட்டும் ஒடஞ்சிருக்கும், அங்கன வாங்கும்போதே அப்படித்தான்."

"உள்ள என்ன இருந்துச்சு?"

இல்லாத பையில் எவ்வளவு வேண்டுமானாலும் அடைக்கலாம். எடை பார்க்க ஆள் கிடையாது. திருஞானசம்பந்தம் தாராளமாக அடைத்தார். மாப்பிள்ளைக்குத் தங்க முலாம் போட்ட கடிகாரம். அனுராதாவுக்கு செண்ட். சம்பந்திக்கு ஒரு டார்ச் லைட். ஆவுடைத்தாய்க்கு மயில் கழுத்துக் கலரில் சேலை.

"எனக்குமா வாங்குனீங்க?" அவள் குரல் கொஞ்சம் கம்மியது.

"உனக்குத்தான் முதல்ல வாங்குனேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்குத் தானாக ஒரு சேலை எடுத்துக் கொடுத்ததில்லை. முதன்முதலாகக் கொடுத்த சேலை இப்படித் தொலைந்துவிட்டதே என்று அவருக்கே வருத்தமாக இருந்தது.

"பிருந்தா டீச்சர் வீட்டுக்கு சிவகணேஷ் போன் பண்ணியிருந்தான்" என்றாள் அவள், தம்ளரை எடுத்துக்கொண்டே. தெருவிலேயே டீச்சர் வீட்டில்தான் போன் இருந்தது.

திருஞானசம்பந்தத்துக்குக் காப்பி புரையேறியது. "என்ன சொன்னான்?"

"அத்தான் வந்து சேந்துட்டாகளான்னு கேட்டான்."

"வேற?"

"வேற என்ன சொல்லப் போறான்?" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

வெற்றி இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் மனிதன் சந்தேகப்பட வேண்டும். திருஞானசம்பந்தம் சந்தேகப்படவில்லை. புத்தகங்களை எடுத்து வீடு முழுக்கப் பரப்பினார். ஒரே இடத்தில் இருந்தால் அவளுக்குக் காலேஜ் ஞாபகம் வரும் என்று கட்டில் தலைமாட்டில் கொஞ்சம், ரேடியோவுக்குப் பின்னால் கொஞ்சம், அரிசிப் பானைக்கு மேலே பலகையில் கொஞ்சம். இன்ஜினியர் புத்தகம் எப்போதும் கையில். அந்த மழைக்காலம் வருகிறவரை அவர் வாழ்ந்த வாழ்க்கையைச் சொர்க்கம் என்றே சொல்லலாம். முதல் அத்தியாயத்தை எழுதியும் முடித்துவிட்டார். நிஜமாகவே எழுதினார். ஆறு பாவநாசத்திலிருந்து கிளம்பிவிட்டது.

அவள் அவ்வப்போது கேட்பாள். "காலேஜ் புஸ்தகத்த எப்பக் குடுக்கப் போறீங்க?"

"சரிபாக்கணும். நம்பர் போடணும். அவசரமில்ல."

"ஊரான் பொருளு. எலி கடிச்சா நம்ம தலையிலல்லா விழும்."

"எலியெல்லாம் கடிக்காது."

எலி கடிக்கவில்லை. சரஸ்வதி பூஜை வந்தது.

வீட்டிலுள்ள புத்தகத்தையெல்லாம் கூடத்தில் அடுக்கி, பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்கு ஒரு நாள் யாரும் படிக்காமல் இருப்பது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். ஆவுடைத்தாய் முந்தின நாளே வீட்டைச் சல்லடை போட்டாள். கட்டில் தலைமாடு, ரேடியோ, அரிசிப் பானை எதையும் விடவில்லை. எல்லாம் கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

"இதுல காலேஜ் புஸ்தகம் எது, நம்ம புஸ்தகம் எதுன்னு பிரிச்சுத் தாங்க."

"எதுக்குப் பிரிக்கணும்? சரஸ்வதிக்குத் தெரியாதா?"

"அடுத்தவுக சொத்த நம்ம பூசையில கலக்கப்படாது. தனியா அடுக்கி, தனியா துணி போடுதேன்."

இதில் மறுத்துப் பேச என்ன இருக்கிறது? அவரே உட்கார்ந்து பிரித்தார். சிங்கப்பூர்ப் புத்தகமெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்தது. இன்ஜினியர் புத்தகத்தை மட்டும் மெல்ல வீட்டு அடுக்கில் செருகினார்.

"அதுல சிங்கப்பூர்க் கடைச் சீட்டு ஒட்டியிருக்கே" என்றாள் ஆவுடைத்தாய். எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றவள்தான்.

"ஆமா, மறந்துட்டேன்" என்று சொல்லி, தன் கையாலேயே எடுத்து அந்த அடுக்கின் உச்சியில் வைத்தார். அவள் ஒரு செம்பருத்தியை அதன்மேல் வைத்தாள்.

பூஜை நல்லபடியாக முடிந்தது. சுண்டலும் நன்றாக இருந்தது. சுண்டலைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"திருச்செந்தூர் முருகனுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கு."

"என்ன நேர்த்தி?"

"நம்ம பை கெடைக்கணும்னு நேந்தேன். மொட்டை போடுதேன்னு."

திருஞானசம்பந்தம் அவளுடைய நீண்ட பின்னலைப் பரிதாபமாகப் பார்த்தார். "எதுக்குளா இந்த வம்பு? உன் முடியப் போயி..."

"எனக்கில்ல. உங்களுக்கு."

அவர் கை தானாகத் தலைக்குப் போயிற்று. அவருடைய முடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கூட வேலைபார்த்தவர்களுக்கெல்லாம் தலை நரைத்தோ வழுக்கை விழுந்தோ போன வயதில், அவருக்கு மட்டும் கருகருவென்று அடர்ந்து நின்றது. மாணவிகள் அவரைத் தாண்டிப் போகும்போது அவர் ஒரு முறை தலையைக் கோதிக்கொள்வார். அவர்கள் பார்க்கமாட்டார்கள். ஆனாலும் கோதிக்கொள்வார்.

"பைதான் கெடைக்கலியே? கெடச்ச பொறவுதானே மொட்டை?"

"கெடச்சாத் தாரேன்னா அது யாவாரம் மாதிரி ஆயிரும். முதல்லயே குடுத்துட்டோம்னு வைங்க, முருகனுக்கும் ஒரு இது இருக்கும்லா, இவன் முடியக் குடுத்துட்டானே, நாம ஒண்ணும் செய்யலையேன்னு."

"ஆவுடை, நான் சொல்லுதத..."

"மயில் கழுத்துச் சேலைங்க" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. "நீங்க எனக்குன்னு எடுத்த ஒரே சேலை. அது கெடைக்காண்டாமா?"

பை என்று ஒன்றே கிடையாது என்று சொன்னால் முடி பிழைக்கும். புத்தகம் போகும். அவர் முடியைக் கொடுக்க முடிவு செய்தார்.

"நாளைக்கு விஜயதசமி, கூட்டமா இருக்கும். நாளன்னைக்குப் போங்க. காலேஜுக்கு ஒரு நாள் லீவு போட்டாப் போச்சு" என்றாள்.

"நீ வரலியா?"

"எனக்குத்தான் திருச்செந்தூர் பஸ்ஸுல வாந்தி வருமே."

திருச்செந்தூரில் மொட்டை போட்டவர் பெயர் சங்கிலிபூதத்தான். கத்தியைத் தீட்டிக்கொண்டே, "என்ன நேர்த்தி அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஒரு பை காணாமப் போச்சு."

"கெடச்சுட்டாக்கும்?"

"இல்ல."

கத்தி கொஞ்சம் நின்றது. "கெடைக்காமலேயா மொட்டை போடுதிய? உள்ள பெரிய சாமான் ஏதும் இருந்துச்சோ?"

"ஒரு சேலை" என்றார் திருஞானசம்பந்தம். "மயில் கழுத்துக் கலரு." தண்ணீர் விட்டு நனைத்த முடி முன்னால் வந்து விழுந்தபோது அவருக்கு அழுகை முட்டியது. போனது முடியா, சேலையா, எதற்காக அழுகிறோம் என்று அவருக்கே பிடிபடவில்லை.

சந்தனம் தடவிக்கொண்டு சந்நிதிக்குப் போனார். வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. பையைக் கொடு என்று கேட்பது முருகனையே கேலி செய்வது. "பை வேண்டாம் முருகா, புத்தகத்தை மட்டும் காப்பாத்து" என்று மனசார வேண்டிக்கொண்டார்.

அதே நேரத்தில் பெருமாள்புரத்தில் ஆட்டோக்காரர் இசக்கியின் வண்டியில் புத்தகம் ஏறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் ஒரே ஒரு அடுக்கு இருந்தது. வீட்டு அடுக்கு. பக்கத்தில் வெறும் தரையில் ஒரு செம்பருத்தி வாடிக் கிடந்தது.

"ஆவுடை! அந்தப் புஸ்தகமெல்லாம் எங்க?"

"காலேஜுல கொண்டு குடுத்துட்டேன். இசக்கி ஆட்டோவுலதான் போனேன். நீங்களும் சரிபாக்கேன் சரிபாக்கேன்னு நாளக் கடத்துதீங்க. பூசையில வச்ச புஸ்தகம், எடுத்ததும் நல்ல காரியத்துக்குப் போகட்டும்னு கொண்டு போயிட்டேன்." அவர் தலையைத் தடவிப் பார்த்தாள். "நல்லா மழுமழுன்னு சிரைச்சிருக்கான்."

திருஞானசம்பந்தம் வாயைத் திறந்தார். அது என்னுடையது என்று சொன்னால் போதும். என்னுடையது என்றால், என்ன பணத்தில் வாங்கினீர்கள் என்ற கேள்வி அடுத்த வாசலிலேயே நின்றது. வாயை மூடினார். அன்றைக்குச் சாப்பிடும்போது சாம்பாரில் உப்பு இருந்ததா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலேஜ் வாசலில் கால் வைக்கும்போதே பிரின்சிபால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் யாரையும் புத்தகம் வாங்கிவரச் சொன்னவர் இல்லை, பணமும் கொடுத்தவர் இல்லை. திடீரென்று ஓர் அம்மாள் ஆட்டோவில் வந்து, "எங்க வீட்டுக்காரரு இந்தக் காலேஜுக்குன்னு சிங்கப்பூர்ல வாங்குனது, அவுக வாயால சொல்லக் கூச்சப்படுதாக" என்று இறக்கிவைத்துவிட்டுப் போனால் அவருக்கு எப்படி இருக்கும்? அன்றைக்கே கூட்டம் போட்டுவிட்டார். சொந்தப் பணத்தை அள்ளிக் கொடுத்த வள்ளல் என்றார். பொன்னாடையைப் போர்த்தும்போது அது வழுக்கி மொட்டைத் தலையில் முக்காடாக விழுந்தது. மாணவர்கள் விசில் அடித்தார்கள். கோதிக்கொள்ளத் தலையில் முடியும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் நூலகத்துக்கு ஓடினார். நூலகர் தாஜ் முகம்மது, கண்ணாடி பீரோவுக்குள் எல்லாவற்றையும் அழகாக அடுக்கிப் பூட்டியிருந்தார். இன்ஜினியர் புத்தகத்தின் தோல் அட்டையில் கல்லூரி முத்திரை, மை காயாமல் பளபளத்தது.

"அந்த ஆத்துப் புஸ்தகத்தக் கொஞ்சம் குடும் வே. வீட்டுல வச்சுப் பாத்துட்டுத் தாரேன்."

"தர முடியாதே சார். கலெக்டர் வந்து தொறந்து வைக்கணும்னு பிரின்சிபால் சொல்லிட்டாரு. உங்க பேருலதான் தொகுதி."

"கலெக்டர் எப்ப வாராரு?"

"தேதி கேட்டிருக்கு."

"சரி, அவரு வந்த பொறவு வீட்டுக்குக் கொண்டு போகலாம்லா?"

தாஜ் முகம்மது சங்கடமாகச் சிரித்தார். "அதுவும் முடியாது சார். குடுத்தவுகளே நிபந்தனை போட்டிருக்காங்க. வெளிய யாருக்கும் குடுக்கப்படாது, வாத்தியாருமாருக்குக் கண்டிப்பாக் குடுக்கப்படாதுன்னு."

"குடுத்தது நான். நான் எப்ப வே நிபந்தனை போட்டேன்?"

"உங்க வீட்டம்மா வந்து சொன்னாங்களே சார். நீங்க சொல்லச் சொன்னதாத்தான் சொன்னாங்க. வாத்தியாருமாரு புஸ்தகத்த வீட்டுக்குக் கொண்டு போனா அரிசிப் பானை மேல வைக்கிறாங்களாம்."

பூட்டிய கண்ணாடிக்கு வெளியே நின்று, திருஞானசம்பந்தம் தன் புத்தகத்தின் முதுகைப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு மொட்டைத் தலை தெரிந்தது. ஆறு இனிமேல் பாவநாசத்தைத் தாண்டாது என்று அவருக்கு உறுதியாயிற்று. வாழ்க்கையில் ஒரே ஒரு காரியம் உருப்படியாகச் செய்ய நினைத்தோம், அதற்கும் ஒரு பூட்டு.

இதோடு விட்டிருந்தால் அவர் தற்செயல் என்றே நினைத்திருப்பார். கள்ளம் கபடம் தெரியாத மனைவி, காலேஜ் பொருளைக் காலேஜில் சேர்த்துவிட்டாள், நம் விதி. அப்படி நினைத்துத்தான் தீபாவளிக்கும் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்.

அனுராதாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை மாமனாரின் தலையைப் பார்க்காமல் பேசப் பெரும்பாடு பட்டார். கடைசியில் கேட்டும்விட்டார்.

"மாமா, அந்தப் பை என்னாச்சு? ஏதாவது தகவல் வந்துச்சா?"

"எங்க மாப்ளே, அது போனது போனதுதான்" என்று திருஞானசம்பந்தம் பெருமூச்சு விட்டார்.

"கெடச்சுட்டு" என்றது ஆவுடைத்தாயின் குரல்.

பூஜை அறையிலிருந்து ஒரு பையை உருட்டிக்கொண்டு வந்தாள். உருட்டித்தான் வந்தாள், ஏனென்றால் அடியில் சக்கரம் இருந்தது. கருநீலம். ஜிப்பின் நுனி உடைந்திருந்தது.

திருஞானசம்பந்தத்துக்குக் கூடம் ஒரு சுற்று சுற்றி நின்றது. அந்தப் பை இல்லை. உலகத்திலேயே இல்லை. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் அவரால் மட்டும் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை.

அவள் பையைத் திறந்தாள். தங்க முலாம் போட்ட கடிகாரம் மாப்பிள்ளை கைக்குப் போயிற்று. செண்ட், டார்ச் லைட் ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில், மயில் கழுத்துக் கலரில், சேலை.

"உங்க அப்பா எனக்குன்னு பாத்துப் பாத்து எடுத்தது" என்று மகளிடம் காட்டினாள். "மொட்டை போட்டது வீண் போகல. முருகன் கண்ணத் தொறந்துட்டான்."

"யாரு... யாரு கொண்டாந்தா?" என்று கேட்டார் திருஞானசம்பந்தம்.

"ஏரோப்பிளேன்காரன்தான். வேற யாரு?"

மகளும் மாப்பிள்ளையும் கோயிலுக்குக் கிளம்பிப் போனதும் அவள் சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "உங்க சம்பள அரியர் பணத்துல கொஞ்சந்தான் மிச்சம். எல்லாம் சிவகணேஷ் மூலமாத்தான் வாங்குனது. ஜிப்ப மட்டும் நான் ஒடச்சேன்."

பெரிய அரியர் வந்ததும், மொத்தமாக அவளிடம் கொடுத்ததும் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. புத்தகத்தில் இருந்த மும்முரத்தில் கவரைக்கூடப் பிரிக்காமல் நீட்டியிருந்தார்.

"அப்ப, சிவகணேஷ் அன்னைக்குப் போன்ல..."

"அத்தான் கடிகாரக் கடை மாடியவிட்டு எறங்கவே இல்லக்கான்னு சொன்னான். நீங்க ரயில்ல வந்துக்கிட்டிருக்கும்போதே சொல்லிட்டான்." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. "என்கிட்ட வந்து, புஸ்தகம் வாங்கிட்டேன் ஆவுடைன்னு சொல்லியிருந்தா, ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன். அம்புட்டுத்தான். நீங்க சேலை எடுத்தேன்னு சொன்னீங்கள்லா? அதத்தான் என்னால தாங்க முடியல. ஒரு நிமிசம் நான் நம்பிட்டேன்."

திருஞானசம்பந்தம் தலையைக் குனிந்துகொண்டார். கிட்டத்தட்ட மூன்று வாரத்து முடி முள்முள்ளாக முளைத்திருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பரணிலிருந்து ஒரு அட்டைப் பெட்டி இறங்கியது. உள்ளே புதுச் செருப்பு. ஆவுடைத்தாய் போட்டுப் பார்த்தாள்.

"சிவகணேஷ் பெண்டாட்டிக்குத் தை மாசம் பிரசவம். நான்தான் போறேன். டிக்கெட் போட்டுட்டான்."

"பாஸ்போர்ட் வேணுமே?"

"வந்துட்டு."

"அது எப்பளா எடுத்தே? போலீஸ்காரன் வந்து விசாரிக்கணுமே!"

"வந்தாரே. உங்ககிட்டதான் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போனாரு. ஆத்துப் புஸ்தகத்துல மூஞ்சியப் பொதச்சிக்கிட்டே செம்ப நீட்டுனீங்க."

திருஞானசம்பந்தம் புதுச் செருப்பையும் நீலப் பையையும் மாறி மாறிப் பார்த்தார். மானம் ஒரு பக்கம் இழுத்தது, ஆறு ஒரு பக்கம் இழுத்தது. ஆறுதான் ஜெயித்தது.

"ஆவுடை" என்றார், வகுப்பில் அவர் ஒருநாளும் பேசியிராத குரலில். "அந்த மாடிக் கடையில, கீழ் அடுக்குல, கணக்குப் புஸ்தகத்துக்குப் பின்னால ஒண்ண ஒளிச்சு வச்சிருக்கேன். ரெண்டாம் பாகம். வரைபடம் பூரா அதுலதான் இருக்கு. அது ஒண்ணு இருந்தா முதல் பாகம் இல்லாமலே எப்படியாவது எழுதிருவேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். பொய் சொல்லல, சத்தியமாச் சொல்லுதேன்."

ஆவுடைத்தாய் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நீலப் பையைப் பக்கத்தில் உருட்டி, உடைந்த ஜிப்பை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"கட்டாயம் வாங்கிட்டு வாரேன். இந்தப் பையிலயே வச்சுக் கொண்டாரேன்" என்றாள். பிறகு, அவர் தலையில் முளைத்திருந்த முள்முடியைப் பாசமாகத் தடவிக்கொடுத்தாள். "ஆனா மெட்ராஸ்ல பை வந்து சேரலைன்னு வைங்க, திருச்செந்தூருக்கு நீங்கதான் போகணும். அதனால இத மட்டும் வெட்டாம வளத்து வைங்க."